வெளியே தெரியாதுங்க

அவர் வீட்டில் காபி வருவதற்கு முன்னால் பல் டாக்டரின் கண்ணாடி வரும். நீண்ட காம்பின் நுனியில் எட்டணாக் காசு அகலத்துக்கு வட்டமாக இருக்குமே, அதுதான். பின்னாலேயே ஒரு பேனா டார்ச். இரண்டையும் உங்கள் கையில் திணித்துவிட்டு, மேஜைமேல் மூடியிருக்கும் துணியை விலக்குவார். "குனிஞ்சு பாருங்க. நின்னுக்கிட்டுப் பாத்தா வெளியே தெரியாதுங்க."

குனியத்தான் வேண்டும். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர், வரி வசூலிக்க வந்தவர், பட்டுச் சேலையும் தாம்பாளமுமாகக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த அம்மாள், எல்லோரும் குனிந்திருக்கிறார்கள்.

கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். மோட்டார் பட்டறையிலோ மில்லிலோ ஆயுசு முழுக்க லேத்தோடு குடித்தனம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். வீட்டுக் கார் ஷெட்டில் கார் இருக்காது. குட்டி லேத்து ஒன்று இருக்கும். எதைப் பார்த்தாலும், "இதைப் போய் கடையில வாங்கோணுமா? நாமளே பண்ணிக்கலாமுங்க" என்பார். நான் சொல்கிறவர் நாமே பண்ணிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தது ஒரு புகாட்டி காரை. டைப் 35, எட்டில் ஒரு பங்கு அளவில்.

1924 ஆகஸ்டில் லியோன் நகரத்து கிராண்ட் பிரி பந்தயத்தில் முதலில் களமிறங்கிய கார் அது. பிரான்ஸில், ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் மோல்ஷைம் என்ற சிற்றூரில், எத்தோரே புகாட்டி என்ற இத்தாலிக்காரர் நடத்திய தொழிற்சாலையில் பிறந்தது. நீல நிறம், குதிரை லாட வடிவில் ரேடியேட்டர், எட்டுத் தட்டை ஆரங்களோடு வார்த்த அலுமினியச் சக்கரம். படத்தைப் பார்த்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும். நம்மவருக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். ரேடியேட்டரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்களே, அதில் என்ன இருக்கிறது? அவர் மனசு முழுக்க அடியில், சஸ்பென்ஷனில். ஆகவே இன்றைய தேதிக்கு அந்தக் காருக்குப் பாடி கிடையாது, சீட் கிடையாது, என்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வேப்பங்கட்டை உட்கார்ந்திருக்கிறது. ஆனால் முன் அச்சு, கமான் பட்டைகள், ஷாக்கிள்கள், கத்திரிக்கோல் மாதிரி இரண்டு கைகள் மடங்கி நடுவில் மரவட்டுகள் உரசுகிற அந்தக் காலத்து ஷாக் அப்சார்பர்கள், அவற்றின் கடுகளவு மரைகள் வரை எல்லாம் தயார். என் மகள் ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்தார். இப்போது அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

முன் அச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இன்னும் அதிலிருந்து விமோசனம் கிடைக்கவில்லை.

சாதாரணமாகக் கமான் பட்டையை அச்சின்மேல் வைத்து யு-போல்ட் போட்டு இறுக்கிவிடுவார்கள். நம்மூர் லாரிக்கு அடியில் பார்க்கலாம். புகாட்டி என்ன செய்தார் என்றால், அச்சிலேயே சதுரமாக ஒரு வாசல் திறந்து, பட்டைக் கட்டை அதன் வழியாக நுழைத்துவிட்டார். அழகு என்றால் அழகு. அத்தோடு விட்டிருக்கலாம். எடை குறையட்டும் என்று அச்சை உள்ளே குழாயாக்கி, இரு நுனிகளையும் மூடியும்விட்டார். பந்தயக் காருக்கு இது நியாயம். பட்டைக்குக் கீழே சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கிற எடை எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்குச் சக்கரம் சாலையை விடாமல் ஒட்டி ஓடும். மேஜையை விட்டு ஒரு அடி நகராத மாடலுக்கு என்ன நியாயம்? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடக் கூடாது.

அவரும் துளை போட்டார். நிஜக் காரில் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் 1200 மில்லிமீட்டர், இதில் 150. அச்சு ஒரு சாண்கூட வராது, தடிமன் 6 மில்லிமீட்டர். அதற்குள் நீளவாக்கில் 3 மில்லிமீட்டர் துளை. அவ்வளவு ஆழத்துக்குப் போகும்போது ட்ரில் பிட் நேராகப் போகாது, ஒரு பக்கமாக ஒதுங்கும். ஒதுங்கினால் ஒன்று அச்சின் விலாவைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும், இல்லையென்றால் ஒடிந்து உள்ளேயே அடக்கமாகிவிடும். இரண்டும் நடந்தன, மாறி மாறி நடந்தன. ஒவ்வொரு தடவையும் போன் வரும். நானும் போய் இழவு விசாரித்துவிட்டு வருவேன்.

கடைசியில் ஒரு அச்சு பிழைத்தது. உடனே அதன் இரு நுனியிலும் எஃகுத் தக்கை வைத்து, வெள்ளிப் பற்றாசு விட்டு, ஊசி அரத்தால் ராவி, தேய்த்துத் தேய்த்து, ஒட்டின கோடு லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் தெரியாதபடி மூடிவிட்டார். ஆக, உள்ளே துளை இருக்கிறது என்பதற்கு அவர் வாக்கைத் தவிர உலகத்தில் வேறு அத்தாட்சி இல்லை. சிதம்பர ரகசியம்தான். அங்கேயாவது திரையை விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, உங்களுக்கு முன்பே பட்டிருக்கும். வெளியே தெரியாத இடத்தில் வேலை செய்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, செய்துவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அவர்களை நமக்குத் தெரியவே தெரியாது. இன்னொரு வகை, வெளியே தெரியாது என்பதை ஊர் முழுக்கத் தெரியப்படுத்துகிறவர்கள். துளை உள்ளே இருப்பதை நிரூபிக்க நம்மவர் என்ன செய்தார் தெரியுமா? துளை இல்லாத அச்சு ஒன்றையும் செய்தார். அச்சு அசலாக அதே மாதிரி, அதே சதுர வாசல்களோடு. காருக்கு அல்ல, விருந்தாளிகளுக்கு. கண்ணை மூடச் சொல்லி, இந்தக் கையில் ஒன்று, அந்தக் கையில் ஒன்று. "சொல்லுங்க, எது லேசு?"

வித்தியாசம் ஏழு கிராம். வங்கி மேனேஜர் ஒருவர் தவறாகச் சொன்னார். அன்றைக்கு அவருக்குக் காபி வரவில்லை. இன்னொருவர் இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார். அவரைப் பற்றி இப்போது பேச்சே கிடையாது. பத்திரிகை வைக்க வந்த அம்மாள் மட்டும் உள்ளங்கையில் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, "வலது கைல இருக்கறதுங்க. ஒரு பவுனுக்குக் கொஞ்சம் கம்மியா எடை குறையுது" என்றாராம், கண்ணைத் திறக்காமலே. கோயம்புத்தூரிலேயே இன்ஜினியரிங் தெரிந்த ஆள் அந்த அம்மாள்தான் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவரைக் காயப்படுத்த எளிய வழி ஒன்று உண்டு. "ஓடுமா?" என்று கேட்க வேண்டும். சிலிண்டர் கொண்டுவந்த பையன் கேட்டான். பக்கத்து வீட்டுக் குழந்தை ஒரு படி மேலே போய், "ரிமோட் எங்க தாத்தா?" என்றது. பேட்டரி போட்டால் அது பொம்மை, இது மாடல் என்று அந்த நான்கு வயசுக்கு அரைமணி நேரம் பாடம் நடந்தது. நானும் ஒரு நாள் பொறுமை இழந்து, புகாட்டியே தன் இளைய மகன் ரோலாண்டுக்காக 1927 வாக்கில் இதே டைப் 35-ஐப் பாதி அளவில் செய்து கொடுத்தாரே, அதில் பேட்டரியும் மோட்டாரும் இருந்தனவே, பையன் ஏறி உட்கார்ந்து ஓட்டினானே, அதைப் பார்த்தவர்கள் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டு, கம்பெனி அதைச் செய்து விற்கவே ஆரம்பித்ததே என்றேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அது அப்பன் மகனுக்குப் பண்ணிக் குடுத்ததுங்க தம்பி. அந்தக் கணக்கு வேற" என்றார்.

சஸ்பென்ஷன் என்றால் அசைய வேண்டும் என்பது அவருடைய இன்னொரு பிடிவாதம். சட்டத்தின்மேல் ஆள்காட்டி விரலை வைத்து அமுக்கினால் கார் மெத்தென்று இறங்கி மெத்தென்று ஏற வேண்டும். இங்கேதான் இயற்பியல் குறுக்கே வந்து படுத்துக்கொண்டது. நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒன்றானால் எடை 512-இல் ஒன்றாகிவிடும். பட்டையின் விறைப்போ எட்டில் ஒன்றாகத்தான் குறையும். ஆகவே நிஜக் காரில் பாரத்துக்கு 8 சென்டிமீட்டர் தாழ்கிற பட்டை, மாடலில் 1 சென்டிமீட்டர் தாழ வேண்டியதற்குப் பதிலாக ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் தாழும். பார்ப்பதற்குக் கமான் பட்டை, அமுக்கினால் கருங்கல். பட்டையின் தடிப்பைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகி எல்லாம் சரியாகிவிடும். ஆனால் வெர்னியர் வைத்து அளந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். யார் வெர்னியரும் கையுமாக வரப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். அவர் வருவார்.

இந்தச் சிக்கலில் பல மாதங்கள் போயின. சுவரில் சாவி கொடுத்து ஓடிக்கொண்டிருந்த மாமனார் வீட்டுக் கடிகாரமும் போயிற்று. அதன் ஸ்பிரிங்கைத்தான் செக்கச்செவேலென்று காய்ச்சி, நுனியைக் கண்ணாக வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி நீலம் பாரிக்கும்வரை சூடாக்கி மெயின் பட்டை செய்தார். இப்போது விரலால் அமுக்கினால் கார் அழகாக இறங்கி ஏறுகிறது. எப்படிச் சாத்தியம் என்று கேட்டபோது பல் டாக்டர் கண்ணாடியைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டார். அவர் மனைவிதான் அடுக்களையில் வைத்து என்னிடம் சொன்னார். மேலே இருக்கிற ஒரே ஒரு பட்டைதான் எஃகு. கீழே இருக்கிறவை எல்லாம் வெறும் பித்தளை. அவற்றையும் அச்சின் வாசலுக்குள் மறைகிற இடத்தில் நடுவே வெட்டிவிட்டிருக்கிறார், பாரம் தாங்காதபடி. தடிப்பும் சரியாக இருக்கும், விறைப்பும் இருக்காது. "ராத்திரி ரண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டு, ஏமாத்திப்போட்டேன், ஏமாத்திப்போட்டேன்னு பொலம்பறாருங்க. எனக்கு என்னமோ ஏதோன்னு ஆயிப்போச்சு." உலகத்தில் வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாத அந்த வெட்டை மட்டும் அவர் யாருக்கும் காட்டுவதில்லை. அன்றைக்கு எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிடித்துப்போன பிறகும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர் ஸ்கூட்டரின் பின்பக்க ஷாக் அப்சார்பர் செத்து வெகுகாலமாகிறது. "நாமளே பண்ணிக்கலாமுங்க" என்று அதையும் கடையில் மாற்ற விடவில்லை. பஸ் நிலையத்தில் கொண்டுபோய் விடுகிறேன் என்று பின்னால் உட்காரவைத்துக் காந்திபுரம் வரை கூட்டிப்போகிறார். ஒவ்வொரு வேகத்தடையும் என் முதுகுத்தண்டில் ஏறி இறங்குகிறது.

இன்னொன்று, அந்த ஷெட்டில் உட்கார இடம் கிடையாது. லேத்துக்கு இடமிருக்கிறது, செத்துப்போன அச்சுகளுக்கு டப்பா டப்பாவாக இடமிருக்கிறது. மனுஷன் உட்கார ஒரு முக்காலி கிடையாது. ஒன்று நிற்க வேண்டும், இல்லை குனிய வேண்டும். எனக்கும் வயசாகிறது. போன வாரம் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன், கடைவீதியில் பிளாஸ்டிக் ஸ்டூல் விற்கிறார்களே, ஒன்று வாங்கிப் போடக் கூடாதா என்று.

முகம் மலர்ந்துவிட்டது. "அதைப் போய் கடையில வாங்குவாங்களா?" என்று அன்றைக்கே என் முழங்கால் உயரத்தை அளந்துகொண்டார். வரைபடம் தயாராகிவிட்டது, பார்த்தேன். நான்கு கால்களும் எஃகு. உள்ளே துளை, அடியில் மூடி.