ஓடாத வரிகள்

2000-களின் தொடக்கத்தில் நாங்கள் எழுதிய சி புரோகிராம்களுக்கு டெஸ்ட் என்பது ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். ராத்திரி ஓடவிட்டுப் போனால் காலையில் பாஸ், ஃபெயில் என்று ஒரு பட்டியல் காத்திருக்கும். எல்லாம் பாஸ் என்றால் ரிலீஸ். ஒருநாள் எங்கள் லீட் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "எழுதின கோடுல பாதியாவது ஓடிச்சான்னு எப்படிய்யா தெரியும்?" என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

ஜிசிசி கம்பைலரோடு ஜிகவ் என்ற கருவி வந்துகொண்டுதான் இருந்தது. கம்பைல் செய்யும்போது இரண்டு ஆப்ஷன் சேர்த்தால் போதும்; ஒவ்வொரு வரியும் எத்தனை முறை ஓடியது என்று புரோகிராமே எண்ணிக்கொள்ளும். இப்படி அளப்பதற்குத்தான் கவரேஜ் என்று பெயர். கஷ்டம் அதை எங்கள் டெஸ்ட் சிஸ்டத்தோடு பொருத்துவதில்தான். எண்ணிய கணக்கு, புரோகிராம் முறையாக முடியும்போதுதான் கோப்பில் எழுதப்படும். எங்கள் புரோகிராம் ஒரு சர்வர்; ஸ்கிரிப்ட்டோ ஒவ்வொரு டெஸ்ட் முடிவிலும் அதை 'கில் மைனஸ் நைன்' போட்டுச் சாகடித்தது. கணக்கும் கூடவே போனது. ஸ்கிரிப்ட் சாதாரண கில் மட்டும் அனுப்பவும், சர்வர் அந்த சிக்னலைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வெளியேறவும் மாற்றினோம். ஆப்டிமைசேஷன் வரிகளை ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், கவரேஜுக்கென்று அது இல்லாத தனி பில்ட் ஒன்றும் வைத்தோம்.

முதல் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து மேஜையில் பரப்பினோம். ஒருமுறைகூட ஓடாத வரிக்கு முன்னால் ஜிகவ் ஐந்து ஹாஷ் குறி போடும். பக்கம் பக்கமாக ஹாஷ், பெரும்பாலும் பிழை கையாளும் இடங்களில். மெமரி கிடைக்காமல் போனால் செய்ய வேண்டியதற்கென்று ஓரிடத்தில் நாலு வரி இருந்தது; நாலுக்கும் ஹாஷ். பென்சிலால் கோடு போட்டுப் படித்தபோது, மேலே ஏற்கெனவே விடுவித்த பாயிண்டரை அதில் ஒரு வரி மறுபடி விடுவிப்பது தெரிந்தது. அன்று சாயங்காலம் வரை யாரும் இடத்தைவிட்டு எழவில்லை. மொத்தம் எத்தனை சதவீதம் என்று கேட்கவும் தோன்றவில்லை.

இன்று அந்தப் பாடெல்லாம் இல்லை. மேசான் என்ற பில்ட் கருவியில் ஒரு ஆப்ஷனைத் திருப்பினால் போதும். கோ மொழியில் 2013-இலேயே டெஸ்ட் கட்டளைக்குள் கவரேஜ் வந்துவிட்டது. 2023-இல் வந்த 1.20 பதிப்பிலிருந்து, யூனிட் டெஸ்ட்டுக்கு வெளியே முழு புரோகிராமையும் ஓடவிட்டு அளக்கலாம். ரிப்போர்ட் தானாகத் தயாராகிறது. அதைத் திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் மெர்ஜ் ஆகாது என்று விதி. அதனால் ஃபங்ஷனைக் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்த விடையைப் பார்க்காமலே முடியும் டெஸ்ட்கள் குவிகின்றன. ஒரு அசெர்ட்கூடக் கிடையாது. ஆனால் வரி ஓடியது, பச்சை ஆனது. எனக்கு இது உண்மையாகவே வலிக்கிறது. அவற்றை எழுதும் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் நாம் கேட்பது அந்த எண்ணை மட்டும்தானே.

2014-இல் ஆய்வாளர்கள் லாரா இனோசெம்ட்சேவாவும் ரீட் ஹோம்ஸும் ஐந்து பெரிய ஜாவா புரோகிராம்களை ஆராய்ந்தார்கள். டெஸ்ட்களின் எண்ணிக்கையைச் சமமாக்கிப் பார்த்தால், கவரேஜுக்கும் பிழை பிடிக்கும் திறனுக்கும் உள்ள தொடர்பு அவ்வளவு வலுவானதல்ல என்று சொன்னார்கள். விடுபட்ட இடத்தைக் காட்ட கவரேஜ் உதவும், டெஸ்ட்டின் தரத்துக்கு அதையே இலக்காக வைக்கக்கூடாது என்பது அவர்கள் முடிவு.

எஸ்கியூலைட் டேட்டாபேஸை எழுதும் குழு வேறு விதம். பிராஞ்ச் கவரேஜை நூறு சதவீதத்தில் வைத்திருப்பவர்கள், எண்ணோடு நிற்கவில்லை. மெமரி கேட்கும் முதல் அழைப்பை வேண்டுமென்றே தோற்கடித்து டெஸ்ட்டை ஓட்டுகிறார்கள்; அடுத்து இரண்டாவது, மூன்றாவது என்று, தோற்க ஒன்றும் மிச்சமில்லாத வரை. எங்கள் டெஸ்ட் சிஸ்டத்தில் இப்போது நான் சேர்த்துக்கொண்டிருப்பது இதைத்தான். கூடவே, ரிவ்யூ பக்கத்தில் சதவீதத்துக்குப் பதிலாக, புதிதாக எழுதியும் ஓடாமல் போன வரிகள் முதலில் வரும்.