ஊரிகத்து விசாரணைக் கமிஷன்

ஒரு ஹாக்கி வீரர் ஓய்வு அறிவித்தால் மற்ற ஊர் ரசிகர்கள் அவர் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்து, கைகூப்பும் பொம்மை இரண்டைச் சேர்த்து, மறுநாள் காலையில் மறந்துவிடுவார்கள். கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் அவ்வளவு லேசில் விட்டுவிட மாட்டார்கள். இங்கே விசாரணை உண்டு. தானாகப் போனானா, தள்ளிவிட்டார்களா? லெட்டர் கொடுத்தானா, வாங்கிக்கொண்டார்களா? பாக்கி ஏதாவது நிற்கிறதா? இதற்கெல்லாம் பதில் தெரியும்வரை, ஊரிகத்தைப் பொறுத்தமட்டில் அந்த வீரர் இன்னும் டீமில்தான் இருக்கிறார்.

விசாரிப்பவருக்கு எழுபது வயதிருக்கும். மைன்ஸில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். பெயர் சொல்லிப் பயனில்லை. இவரைப் போலச் சாம்பியனில் ஒருவர் இருக்கிறார், மாரிகுப்பத்தில் ஒருவர் இருக்கிறார். ஆண்டர்சன்பேட்டையில் இருவர் இருந்து, தன்ராஜ் பிள்ளையின் ஓய்வு விஷயத்தில் பேச்சுவார்த்தை முறிந்துபோய், இப்போது எதிரெதிர் டீக்கடைகளில் உட்காருகிறார்கள். ஊரிகத்துக்காரரைப் பையன்கள் 'கமிஷன் மாமா' என்பார்கள். கழுத்தில் எந்நேரமும் ஒரு மஃப்ளர். சட்டைப் பையில் நாலாய் மடித்த பேப்பர் கட்டிங். காலையில் பெங்களூர் ரயிலுக்கு நிற்கிற கூட்டம்தான் அவருக்கு ஜூரி. அவர் ரயில் ஏறுவதில்லை. ஸ்டேஷனுக்கு வருவார், வழக்கை எடுத்து வைப்பார், ரயில் கிளம்பியதும் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். ஜூரிமார்கள் பங்காருபேட்டை தாண்டியும் அதே வழக்கைப் பேசிக்கொண்டு போவார்கள்.

அவருக்கு வீரரைவிடத் தேதி முக்கியம். "எந்தத் தேதியில சொன்னான்?" என்பதுதான் முதல் கேள்வி. எத்தனை கோல், எத்தனை மெடல் எல்லாம் அப்புறம். இதற்குக் காரணம் இருக்கிறது. பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. நூற்றிருபது வருஷம் ஓடிய சுரங்கம், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம், ஒரு மாசக் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டது. அன்று முதல் மாசக் கடைசித் தேதியை அவர் நம்புவதில்லை. காலண்டரில் 30, 31 வந்தால் வீட்டில் கேஸ் சிலிண்டர்கூட புக் பண்ண மாட்டார்.

அதனால் 2021-ஆம் வருஷம் அவருக்குப் பொற்காலம். டோக்கியோவில் ஆகஸ்டு 5-ஆம் தேதி இந்தியா ஜெர்மனியை 5-4 என்று வென்று வெண்கலம் வாங்கியது. நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு ஒலிம்பிக் மெடல். ஊரே ஸ்வீட் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, செப்டம்பர் 30-ஆம் தேதி ருபிந்தர் பால் சிங் ஓய்வு என்றார். அதே நாளில் பிரேந்திர லாக்ராவும் ஓய்வு என்றார். மறுநாள், அக்டோபர் முதல் தேதி, நம் குடகு சோமவார்பேட்டைக்காரர் எஸ்.வி. சுனிலும் ஓய்வு என்றார்.

அன்று காலை ஊரிகம் பிளாட்பாரத்தில் கமிஷன் மாமாவின் குரல் அடுத்த ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

"மாசக் கடைசி ரெண்டு பேரு, மாசம் பொறந்ததும் ஒருத்தன். இன்னாபா இது, விளையாட்டா, ஆள்குறைப்பா?"

"மாமா, ருபிந்தர் சின்னப் பசங்களுக்கு வழி விடுறேன்னு சொல்லியிருக்கார்" என்றான் ஒரு பையன். பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. எல்லாப் புள்ளிவிவரமும் செல்போனில் வைத்திருப்பவன்.

"வழி விடுறதா? கூண்டுல எறங்குறப்ப எவன்டா வழி விட்டான்? முப்பது வயசு, டிராக்-ஃப்ளிக் அடிச்சா கோலிக்குப் பந்து தெரியாது, அவனுக்கு இன்னா வழி விடுற வயசு? எழுதிக் கொடுத்திருக்கான் யாரோ. கீழ கையெழுத்து மட்டும் இவன்."

சுனில் விஷயத்தில் அவருக்குக் கூடுதல் ஈடுபாடு. 2007-இல் சென்னையில் நடந்த ஆசியக் கோப்பையில்தான் சுனில் இந்தியாவுக்காக முதலில் ஆடினார் என்பதால், குடகுக்காரரை அவர் பாதி மெட்ராஸ்காரராகவே கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். பையன் விடவில்லை. 264 ஆட்டம், 72 கோல், ஃபார்வர்டுக்கு இது போதுமா என்று கேட்டுவிட்டான். பிளாட்பாரத்தில் சாம்பியன் ஸ்டேஷன் பக்கமிருந்து ரயில் வருகிற சத்தம் கேட்டும் மாமா நகரவில்லை.

"தம்பி, மேல வந்த தங்கத்தை எடை போட்டவனுக்குத்தான் பேரு. கீழ டிராலி தள்ளுனவன் எத்தனை டன்னு தள்ளுனான்னு எவன் எழுதி வெச்சான்? ரைட்டுல பறந்துபோய் உள்ள பந்து போட்டவன் சுனிலு. உள்ள நின்னு தட்டுனவன் பேருலதான் கோலு."

ரயில் வந்தது. பையன் ஏறிவிட்டான். ஜன்னல் வழியாக, "மாமா, அஞ்சு பேர் ஆடுற ஹாக்கிக்கு மட்டும் வர்றேன்னு சுனில் சொல்லியிருக்காரு" என்று கத்தினான். இந்த ஒரு வரிதான் மாமாவை நாள் முழுக்க வேலை வாங்கியது. ரிட்டையர் ஆனவன் அரை ஷிஃப்ட் கேட்கிறான் என்றால், போக மனசில்லை என்றுதானே அர்த்தம்? போக மனசில்லாதவன் போனால் அனுப்பிவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? மதியச் சாப்பாட்டில் இதை மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள், "நீங்களும் ரிட்டையராகி இருபது வருசமாச்சு, இன்னும் போக மனசில்லாம ஸ்டேஷன்ல நிக்கறீங்க. ரசம் ஊத்தவா?" என்றாராம்.

ஆனால் விதி மாமாவின் பக்கம் இருந்தது. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. ஓய்வு பெற்ற ருபிந்தரையே கூப்பிட்டுக் கேப்டன் என்றார்கள். அவருக்கு மணிக்கட்டில் அடிபட்டது. உடனே ஓய்வு பெற்ற லாக்ரா கேப்டன். ஓய்வு பெற்ற சுனில் வைஸ் கேப்டன். ஓய்வு பெற்றவர்கள் தலைமையில் ஒரு இளம் டீம் போய் வெண்கலம் வாங்கி வந்தது. இந்தச் செய்தி வந்த கட்டிங்தான் மாமாவின் பையில் இன்றும் இருக்கிறது. மடித்து மடித்து நடுவில் சிலுவை மாதிரி கிழிந்துவிட்டது. யாராவது 'விருப்ப ஓய்வு' என்ற வார்த்தையை எடுத்தால் போதும், கட்டிங் வெளியே வரும். "மூடுன ஷாஃப்ட்டைத் தொறந்தாங்க பாரு! அப்போ மூடுனது தப்புதானே?" ஹாக்கி இந்தியாவைக் கேட்கிறாரா, வேறு யாரையாவது கேட்கிறாரா என்பது அந்த இடத்தில் எப்போதும் கொஞ்சம் குழப்பம்தான்.

கோலி ஸ்ரீஜேஷ் அவரை ஏமாற்றியவர். 2024 ஜூலை 22-ஆம் தேதி, பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்பே, இதுதான் கடைசி என்று சொல்லிவிட்டார். பிரிட்டனோடு நடந்த காலிறுதியில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. முக்கால்வாசி ஆட்டத்தைப் பத்து பேரோடு தாக்குப்பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். ஆகஸ்டு 8-ஆம் தேதி ஸ்பெயினை 2-1 என்று வென்று வெண்கலத்தோடு இறங்கினார். 16-ஆம் எண் சட்டையை இனி சீனியர் டீமில் யாருக்கும் தருவதில்லை என்று அறிவித்தார்கள். கையோடு ஜூனியர் டீம் கோச் வேலையும் வந்தது. விசாரிக்க என்ன இருக்கிறது இதில்? "முறையா நோட்டீஸ் கொடுத்தான், நோட்டீஸ் பீரியட்ல ஓவர்டைம் பாத்தான், மாலை மரியாதையோட போனான், வேற டிபார்ட்மென்ட்ல சேர்ந்துட்டான்" என்று ஒரே மூச்சில் ஃபைலை மூடினார். பிறகு ஒரு வாரம் ஸ்டேஷனில் சுரத்தில்லாமல் இருந்தார். நல்லபடியாக ஓய்வு பெற்றவர்கள் மேல் அவருக்கு மரியாதை உண்டு, பிரியம் கிடையாது. 2025-இல் பெண்கள் டீமின் வந்தனா கட்டாரியா 320 ஆட்டங்களுக்குப் பிறகு ஓய்வு அறிவித்தபோது கொஞ்சம் உயிர் வந்தது. தேதி ஏப்ரல் 1. பையன்கள் ஏப்ரல் ஃபூல் என்று சிரித்தார்கள். "புது நிதியாண்டுடா முட்டாள்களா" என்றார் மாமா.

பிரியமெல்லாம் தன்ராஜ் பிள்ளை ஒருவருக்குத்தான். புனே பக்கம் கட்கியில் பிறந்தாலும் அப்பா அம்மா தமிழர்கள். அப்பா தொழிற்சாலை மைதானத்தைப் பராமரித்தவர். பிள்ளைகள் உடைந்த மட்டையில் ஆடி வளர்ந்தவர்கள். லைன் வீட்டில் பிறந்து, துரைமார் ஆடிய ஜிம்கானா மைதானத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் கற்ற ஒரு தலைமுறைக்கு இதற்கு மேல் சொந்தம் நிரூபிக்கத் தேவையில்லை. நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு சாம்பியன்ஸ் டிராபி, நான்கு ஆசிய விளையாட்டு. இதை மாமா வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்.

பையன் இங்கேயும் மடக்கப் பார்ப்பான். "நாலு ஒலிம்பிக்ல ஒரு மெடல்கூட இல்லையே மாமா?"

அந்தக் கேள்விக்கு மாமா சிட்னிக்குப் போவார். 2000-ஆம் வருஷம், போலந்தோடு ஆட்டம், 1-0 முன்னணி, முடிய இரண்டு நிமிஷம்கூட இல்லை, போலந்து ஒரு கோல் போட்டுவிட்டது, அரையிறுதி கைநழுவியது. இதைச் சொல்லும்போது அவர் பெஞ்சில் நகர்ந்து உட்காருவார், அந்தப் பந்தை இப்போதாவது நிறுத்திவிடலாம் என்பதுபோல.

சரி, எத்தனை கோல் போட்டார்? இங்கேதான் விவாதம் சூடாகும், ஏனென்றால் பதிலே கிடையாது. அன்றைய ஹாக்கி ஃபெடரேஷன் அவர் கோல்களை எண்ணி வைக்கவில்லை. 170-க்கு மேல் என்பது தன்ராஜே சொல்கிற கணக்கு. இதைக் கேட்டால் வேறு ஊர் ரசிகன் தலையில் அடித்துக்கொள்வான். ஊரிகத்து ரசிகருக்கோ இது சர்வ சாதாரணம். வேலை வாங்கினவன் கணக்கு எழுதவில்லை, வேலை செய்தவன் மனசில் வைத்திருக்கிறான், அவ்வளவுதானே! "தொழிலாளி சொல்ற கணக்குதான் சரி" என்று தீர்ப்பாகிவிடும். மாமா 170-ஐ ஏற்றுக்கொண்டு, சொந்தப் பொறுப்பில் இன்னும் முப்பது சேர்த்து இருநூறாக்கி வைத்திருக்கிறார். அரியர்ஸ் என்று வைத்துக்கொள்ளலாம்.

உச்சம் 1998. பாங்காக் ஆசிய விளையாட்டு, கேப்டன் தன்ராஜ், 1966-க்குப் பிறகு முதல் தங்கம். ஊருக்குத் திரும்பியதும் தன்ராஜ் உட்பட ஆறேழு பேரை அடுத்த தொடருக்கு எடுக்கவில்லை. கேட்டால், ஓய்வு கொடுத்திருக்கிறோம் என்றார்கள். மாமா இந்த இடத்துக்கு வந்ததும் மஃப்ளரை அவிழ்த்துக் கட்டுவார். ரயில் பிடிக்க ஓடுகிறவனும் ஒரு நொடி நிற்பான், அடுத்த வாக்கியம் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்.

"தங்கம் எடுத்துக் கொடுத்தவனைத்தான்டா மொதல்ல வூட்டுக்கு அனுப்புவாங்க."

தங்கவயலில் இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் வாய் வந்ததில்லை. புள்ளிவிவரப் பையன்கூட இந்த இடத்தில் செல்போனைப் பையில் போட்டுவிடுவான். அவன் அப்பாவும் மைன்ஸ்தான்.

தன்ராஜ் எப்போது ஓய்வு பெற்றார் என்பதுதான் கமிஷனில் இன்னும் நிலுவையிலுள்ள பெரிய வழக்கு. 2004 ஏதென்ஸ் அவருடைய நான்காவது ஒலிம்பிக். இந்தியா ஏழாவது இடம். அதன் பிறகு அவரை எடுக்கவில்லை. வழியனுப்பு ஆட்டம் இல்லை, மாலை இல்லை. மாமாவின் சட்டப்படி, ரிலீவிங் ஆர்டர் இல்லாத ஓய்வு செல்லாது. எனவே தன்ராஜ் இன்னும் சர்வீஸில் இருக்கிறார். இதற்கு அவரிடம் ஆதாரமும் உண்டு. 2012-இல் வேர்ல்டு சீரீஸ் ஹாக்கி என்று ஒன்று நடந்தது. அதில் கர்நாடகா லயன்ஸ் டீமுக்கு நாற்பத்து மூன்று வயதில் தன்ராஜ் ஆடினார். "ரிட்டையர் ஆனவன் ஏன்டா பெங்களூருக்கு வந்து ஆடணும்?"

"அப்போ லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்ல ஆடுவாரா மாமா?"

"கூப்ட்டா வருவான். கூப்புட மாட்டானுங்க."

இவ்வளவு பேசுகிறவர் கடைசியாக முழு ஆட்டம் எப்போது பார்த்தார் என்று கேட்டால் மழுப்புவார். பெனால்டி கார்னர் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற உடம்பு. நான்கு குவார்ட்டராகப் பிரித்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை ஹாக்கி என்றால் ஒரே இடைவேளை, நடுவில் எலுமிச்சம்பழம். இப்போதைய டீமில் பாதிப் பேர் பெயர் தெரியாது. ஓய்வு அறிவித்த மறுநாள் அவர்களுடைய ஊர், அப்பா தொழில், கோச்சோடு நடந்த மனஸ்தாபம் வரை எல்லாம் தெரிந்துவிடும். ஒருவன் வேலையை விட்டால்தான் அவன் மேல் அவருக்குக் கண் விழுகிறது. ஆடிக்கொண்டிருக்கிறவனைப் பற்றிக் கவலைப்பட என்ன இருக்கிறது, அவனுக்குத்தான் வேலை இருக்கிறதே!

சமீபத்தில் கமிஷனுக்கு உள்ளூரிலேயே ஒரு வழக்கு சிக்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஆடுகிற ஐம்பது தாண்டியவர்கள் டீமின் கோலி, முழங்கால் சரியில்லை என்று சொல்லிக் கால்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டார். இருபது வருஷம் கோலில் நின்றவர், திடீரென்று இப்படிச் சொன்னால்? டீம்காரர்கள் டீ வாங்கிக் கொடுத்து, கைகொடுத்து, அடுத்த ஆளைத் தேடப் போய்விட்டார்கள். மாமா சும்மா இருப்பாரா? தேதியைப் பார்த்தார். 31.

மறுநாள் காலை ரயிலுக்கு ஸ்டேஷனில் அவர் இல்லை. கோலி வீட்டுத் திண்ணையில் இருந்தார். கோலியின் மனைவி வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உண்மையைச் சொல்லு. அவனாத்தான் நின்னானா, நீ நிறுத்துனியா?"

"நான்தாண்ணா நிறுத்துனேன். ராத்திரியெல்லாம் காலு புடிச்சு வுட்டது யாரு, உங்க டீமா?"

கமிஷன் மாமா முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. அத்தனை வருஷ விசாரணையில் நிர்வாகம் முதல் தடவையாக வாய் திறந்து ஒத்துக்கொண்டிருக்கிறது. "சரிம்மா, அப்போ செட்டில்மென்ட் இன்னா குடுக்கப் போற?" என்றார். உள்ளேயிருந்து கோலி, "காப்பி கொடும்மா, அண்ணன் ஆர்டர் காப்பி வாங்காம போவமாட்டாரு" என்று குரல் கொடுத்தார்.