குளச்சலுக்கு ஒரு பொத்தான்

'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' விளையாட்டில் எதிரி வீரனைத் தன் பக்கம் இழுக்க ஒரு துறவி போதும். ஏதோ முணுமுணுப்பார், வீரனின் சட்டை நிறம் மாறிவிடும்.

நிஜத்திலோ, 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட, டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், அந்த மன்னரின் படைக்கே பயிற்சி கொடுத்து, 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) ஆகி, 1777இல் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கமானார். 36 ஆண்டு ஆட்டம். எந்தப் பையனுக்கு அத்தனை பொறுமை?

2022இல் அந்த விளையாட்டில் திராவிடரும் சேர்ந்தார்கள். அவர்களுடைய மீனவர் கூடுதல் மீன் சுமக்கலாம், குளச்சல்காரர்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பனந்தடியை வண்டியில் ஏற்றி, பீரங்கி என்று காட்டி டச்சுக்காரரை மிரட்டியதாக ஊரில் சொல்லும் கதைக்கு இன்னும் பொத்தான் இல்லை. செலவு கொஞ்சம் மரம், பொன்னே வேண்டாம்.

அதைவிடச் சிக்கல் 1750. மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, தான் வெறும் தாசன் என்றார். இதை விளையாட்டில் சேர்த்தால் எதிரி யார்மீது படையெடுப்பான்? ஆட்டக்காரர் பெயர் வரவேண்டிய கட்டத்தில் பெருமாள் பெயர். அவரோ மவுஸைத் தொடாமல் பாம்பணையில் படுத்திருக்கிறார்.