தண்ணீர் விட்டாச்சா?

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஆஷ்வில் நகரத்துப் பக்கம் போனால் இந்த ஆசாமியைக் கண்டுபிடிப்பது சுலபம். காரின் விலையைவிட, காரின் தலையில் கட்டியிருக்கும் சாமான்களின் விலை அதிகமாக இருக்கும். ஒன்பதடி நீளத்துக்குத் தடித்த பிளாஸ்டிக் கயாக் படகு. அதன் அடிப்பாகம் முழுக்கக் கீறல்கள். ஒவ்வொரு கீறலுக்கும் ஒரு கதை உண்டு. நீங்கள் கேட்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே அவருக்குத் தெரிய வேண்டிய ஒரே செய்தி: தண்ணீர் விட்டாச்சா? சலூடா ஊருக்கு அருகே மலையிடுக்கில் இறங்கும் கிரீன் ஆற்றுக்கு ஒரு வினோதம் உண்டு. மேலே சம்மிட் ஏரியில் தேக்கிய தண்ணீர், டக்சிடோ மின் நிலையத்தில் ஜெனரேட்டர் ஓடினால்தான் ஆற்றுக்கு வரும். ஊரார் வீட்டில் விளக்கெரிய மின்சாரம் எடுக்கிறார்கள் என்று நீங்களும் நானும் நினைப்போம். தமக்காகத்தான் எடுக்கிறார்கள் என்பது ஆசாமியின் நம்பிக்கை. ஜெனரேட்டர் ஓடும் நாளிலெல்லாம் அலுவலகத்தில் பல் டாக்டரிடம் போவதாகச் சொல்லி அனுமதி வாங்கிவிடுவார். அந்தக் கணக்கில் அவர் வாயில் அறுபது பற்களாவது இருக்க வேண்டும்.

2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் வந்து அந்தப் பள்ளத்தாக்கின் பாறைகளைப் புரட்டிப் போட்டுவிட்டது. நான் சொல்வது அதற்கு முந்தைய ஆற்றை. ஆசாமி மட்டும் அதே ஆசாமிதான்.

அங்கே ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு பெயர். ஒன்றின் பெயர் ‘கோ லெஃப்ட் ஆர் டை’: இடப்பக்கம் போ, இல்லையேல் செத்துப் போ. இத்தனை தெளிவான அறிவிப்பை எந்த நெடுஞ்சாலைத் துறையும் வைத்ததில்லை. எல்லாவற்றுக்கும் பெரியண்ணன் ‘கொரில்லா’. ஆறு மொத்தமும் நாலைந்து அடி அகலத்துக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து, மூச்சு விடுவதற்குள் சுமார் 18 அடி கீழே விழும். 1996 முதல் நவம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை இதில் பந்தயம் வேறு நடந்துவந்தது.

இதில் இறங்குகிறவர் உயிருக்கு அஞ்சாத முரடர் என்று ஊர் நினைக்கிறது. அருகே போய்ப் பார்த்தால்தான் தெரியும், பெண் கொடுக்கப் போகும் வீட்டைப் பற்றிக்கூட யாரும் இவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள். அருவிக்கு மேலே ஈரப்பாறையில் நின்றுகொண்டு அரை மணி நேரம் பார்ப்பார். ஒரு குச்சியைத் தண்ணீரில் போட்டு அது எங்கே போகிறது என்று பார்ப்பார். பிறகு உள்ளங்கையைப் படகாக்கிக் காற்றில் ஓட்டுவார். கை இடப்பக்கம் சாய்கிறது, பாறையை ஒட்டித் திரும்புகிறது, விளிம்பு வந்ததும் விரல் நுனி சட்டென்று மேலே எழும்புகிறது. அதற்குப் பெயர் ‘பூஃப்’. அருவி விழும் இடத்தில் மேல்மட்டத் தண்ணீர் முன்னே போகாமல் அருவியை நோக்கியே திரும்பிச் சுழலும். அகப்பட்ட மரக்கட்டை அங்கேயே கிடந்து உருளும். விளிம்பில் துடுப்பைப் போட்டு ஒரே இழுப்பில் படகின் மூக்கைத் தூக்கி, அந்தச் சுழலைத் தாண்டிப் ‘பொத்’தென்று தட்டையாக விழ வேண்டும். மூக்கு கவிழ்ந்தால் மரக்கட்டைக்குத் துணையாள். இத்தனை கணக்குப் போடும் மனிதர் வீட்டில் பல்பு மாற்ற மாட்டார். ஏணி ஆடுகிறதாம்.

சில நாள் கணக்கு ஒத்துவராது. படகைத் தோளில் தூக்கிக்கொண்டு பாறை வழியே நடந்து இறங்கிவிடுவார். அதற்குக் காரணம் சொல்லும்போது பார்க்க வேண்டும்: “தோள்பட்டை லேசா பிடிச்சிருக்குடா”, “தண்ணி இன்னைக்கு ஒரு விரல்கட்டை கம்மி.” யாரும் சிரிப்பதில்லை. அந்தக் கூட்டத்தில் நடப்பவனைக் கேலி செய்வது பாவம். நாளைக்கு நடக்கப் போவது யார் என்று யாருக்குத் தெரியும்?

கேலியெல்லாம் படகை விட்டு நீந்தி வெளியே வந்தவருக்குத்தான். நாள் முழுக்கக் காலில் ஊறிய ரப்பர் காலணியில் பியரை ஊற்றி, மொத்தத்தையும் அவர் குடித்தாக வேண்டும். அந்தக் காலணியின் மணத்தை வருணிக்கப் பத்திரிகை தர்மம் இடம் தராது. ஆக, படகு கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கும்போது நுரையீரல் “வெளியே வா” என்கிறது, பியர் “உள்ளேயே இரு” என்கிறது. துடுப்பை அடித்து நிமிரப் பார்க்கிறார். முடியவில்லை. மறுபடியும் அடிக்கிறார். பெரும்பாலும் பியர்தான் ஜெயிக்கிறது. தோற்ற நாளில் கரையிலிருந்து ஒரு கயிறு பறந்து வருகிறது. அதை எறியத்தான் ஒரு நண்பர் இவ்வளவு நேரமும் கண்ணை எடுக்காமல் பாறையில் நின்றிருக்கிறார். கயிறு எறிந்த அதே கைதான் பிறகு பியரையும் ஊற்றும். எனக்கு இந்தக் கூட்டத்தின்மேல் மரியாதை வந்தது இந்த இடத்தில்தான்.

மனைவி எதிர்த்துப் பேசினால் அவரிடம் ஓர் அஸ்திரம் உண்டு: 2009-இல் டைலர் பிராட் என்பவர் பலூஸ் அருவியில் 189 அடி கயாக்கோடு விழுந்து எழுந்து வந்தார், நான் விழுவது வெறும் 18 அடி. அந்தம்மாளும் விஷயம் தெரிந்தவர். அதே பிராட் 2011-இல் அதில் பாதி உயரமுள்ள வேறோர் அருவியில் முதுகெலும்பை உடைத்துக்கொண்ட கதையை நிதானமாக எடுத்துவிடுவார். ஆசாமி உடனே குப்பைக்கூடையைக் காலி செய்யக் கிளம்பிவிடுவார். காப்பீட்டு விண்ணப்பத்தில் ‘அபாயகரமான பொழுதுபோக்கு உண்டா?’ என்ற கேள்விக்கு அவர் எழுதியிருக்கும் பதில்: படகு சவாரி.

இறங்குமிடம் ஒன்று, ஏறுமிடம் ஒன்று என்பதால் காலையிலேயே ஒரு காரைக் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, இன்னொரு காரில் மேலே வருவார்கள். பாறை, சுழல், கயிறு, பியர் எல்லாவற்றையும் கடந்து, மாலையில் குளிரில் பல் தந்தியடிக்கக் கீழே உள்ள காருக்கு வந்து சேர்கிறார்கள். ஆசாமி ஒரு பையைத் தடவுகிறார், இன்னொரு பையைத் தடவுகிறார். இந்தக் காரின் சாவி மேலே இருக்கும் காரில் பத்திரமாக இருக்கிறது.