ஆட்டோ பிரேக் பெடலின் உயரமும் ஓட்டுநர் செருப்பின் தேய்மானமும்: பழனி மலையடிவாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

மூன்று சக்கர வண்டியில் பிரேக் பெடல் எவ்வளவு உயரத்தில் இருந்தால் ஓட்டுநரின் பாதம் சுகப்படும்? உரையாசிரியர்களும் சரி, வாகன விதிகளை வகுத்தவர்களும் சரி, இந்த வினாவைத் தொடாமலே போய்விட்டார்கள். அந்தக் குறையைக் களைய இக்கட்டுரை முன்வருகிறது. பெடலின் உயரம் பாதிக்கு மேல் பெடலில் இல்லை, செருப்பில் இருக்கிறது என்பதும், இதை அறியாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பவர் என்ன ஆவார் என்பதும் இங்கே நிறுவப்படும்.

1. ஆய்வுக் களம்

பாதங்களைப் பற்றி ஆராயப் பழனியை விட்டால் வேறு ஊர் இல்லை. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கானோர் நடந்தே வந்து சேரும் ஊர் இது. மலையேற முடியாதவர்களுக்கு வின்ச் உண்டு. 2004 முதல் ரோப் காரும் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரம்வரைகூட நடக்க முடியாதவர்களுக்கு ஆட்டோ உண்டு. ஆக, ஊரே நடக்கும்போது உட்கார்ந்தபடி பாதத்தால் பிழைக்கும் ஒரே கூட்டம் ஆட்டோ ஓட்டுநர்கள்தான்.

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு வரதமாநதி அணை, சவரிக்காடு, வடகவுஞ்சி, பெருமாள்மலை வழியாக ஏறக்குறைய 64 கிலோமீட்டர். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். பழனி அதற்கு 1,800 மீட்டர் கீழே கிடக்கிறது. இந்தப் பாதையில் கடைசிவரை ஆட்டோவில் ஏறுபவர் அரிது. ஆனால் அடிவாரத்துத் தோட்டங்களுக்கும் முதல் சில வளைவுகளுக்கும் சவாரியோ சரக்கோ ஏற்றிப் போகிறவர்கள் உண்டு. சமவெளியில் சும்மா இருக்கும் பெடல் பிரச்சினை மலையில்தான் தத்துவப் பிரச்சினையாகிறது.

2. வரலாற்றுப் பின்னணி

ஆட்டோவின் பூர்வீகம் ஸ்கூட்டர். இத்தாலியில் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பாவை இறக்கியது. 1948இல் அதே வம்சத்தில் பின்னால் இரண்டு சக்கரம் வைத்த ஆப்பே பிறந்தது. 1959இல் பஜாஜுக்கு இரண்டு, மூன்று சக்கர வண்டிகள் செய்ய உரிமம் கிடைத்தபின் அந்த வம்சம் நம் தெருவுக்கும் வந்தது. ஹேண்டில் பார், கைக் கிளட்ச், கையால் திருகும் கியர், வலது காலடியில் தரையிலிருந்து எழும் பிரேக் பெடல் எல்லாம் அதன் சீதனம்.

இதற்கிடையில் உலகம் வேறொரு சண்டையில் இருந்தது. கியர் எந்தக் கால், பிரேக் எந்தக் கால்? 1955 முதல் சென்னையில் உருவான புல்லட்டில் நெடுங்காலம் வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். அமெரிக்கா 1970களில் இடது கியர், வலது பிரேக் என்று சட்டமே போட்டது. பக்கத்தைத் தீர்மானிக்க இத்தனை பேர் மெனக்கெட்டார்கள். உயரத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நம் நாட்டிலும் ஓட்டுநருக்குக் காக்கிச் சட்டை மாட்டிவிட்ட சட்டம், செருப்பின் தடிமன் பற்றி வாய் திறக்கவில்லை.

3. இரு மரபுகள்

களத்தில் இரண்டு மரபுகள் தென்படுகின்றன. குதிகாலைத் தரையில் ஊன்றி, விரலடியால் மட்டும் பெடலை அமுக்குவது ஊன்று மரபு. முழுப் பாதத்தையும் அந்தரத்தில் தூக்கிக் கொண்டுபோய் மிதிப்பது ஏந்து மரபு. இடக்காலை மடித்து சீட்டில் போட்டு ஓட்டுகிறவர்கள் ஊன்று மரபினர். முன்சீட்டில் நண்பரையும் ஒட்டவைத்து, தாம் பாதி உடம்பு வெளியே தொங்க ஓட்டுகிறவர்கள் ஊன்ற இடமில்லாததால் ஏந்து மரபைத் தழுவுகிறார்கள். இது கொள்கையால் வந்த மதமாற்றமல்ல, இட நெருக்கடியால் வந்தது.

பகலில் ஒருவர், இரவில் ஒருவர் என்று ஒரே வண்டியை ஓட்டும்போது இரு மரபும் ஒரு பெடலில் மோதுகின்றன. இதற்கு ஸ்டாண்டில் கண்ட தீர்வு எளிது: பெடலைத் தொடுவதில்லை, குட்டையானவர் குதிகாலுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டைப் போட்டுக்கொள்கிறார். ஷிப்டு மாறும்போது பலகை சீட்டுக்கு அடியில் போய்விடுகிறது.

4. செருப்புக் கோட்பாடு

செருப்பு போட்டால் பெடல் தாழும், கழற்றினால் உயரும் என்று தோன்றலாம். உண்மை அப்படியல்ல. ஊன்று மரபினருக்குப் புதுச் செருப்பும் வெறுங்காலும் ஒன்றே. குதிகாலும் விரலடியும் ஒரே அளவு உயர்வதால் பாதத்தின் சாய்வு மாறுவதில்லை. சிக்கல் பழைய செருப்பில். ஹவாய் செருப்பு முதலில் தேய்வது குதிகாலில். காகிதம்போல் ஆகி, பின்னால் ஓட்டையே விழுந்துவிடும். முன்பக்கம் மட்டும் தடிமனாகவே நிற்கும். அதைப் போட்டு ஓட்டுகிறவருக்குக் குதிகால் பள்ளத்தில், விரல் மேட்டில். பெடல் உயரமாகத் தெரியும். நாளடைவில் அதுவே பழகிவிடும்.

இந்நிலையில் கார்த்திகையிலோ தையிலோ அவர் மாலை போடுகிறார், செருப்பைக் கழற்றுகிறார். அன்று காலையே பெடல் இறங்கிவிடுகிறது. ஏந்து மரபினருக்கும் இதே கதி. அடித்தோல் பெடலைத் தொட முன்பைவிட ஒரு செருப்புத் தடிமன் கூடுதலாக இறங்க வேண்டியிருக்கிறது. புதுச் செருப்பு வாங்கிய ஊன்று மரபினரும் அன்றைக்கே பட்டறை வாசலில் நிற்கிறார். மூவர் வாயிலும் ஒரே வாக்கியம்: "அண்ணே, பெடல் கீழ போகுது. கொஞ்சம் தூக்கி வைங்க."

5. பட்டறைப் பரிசோதனை

இங்கே பட்டறைக்காரரின் ஆய்வுமுறை பல்கலைக்கழகங்களுக்கு வழிகாட்டக்கூடியது. அவர் உடனே படுத்து வண்டிக்கு அடியில் போவதில்லை. "ரெண்டு மூணு தடவை பம்ப் பண்ணுங்க சாமி" என்கிறார். "ஏறுனா வண்டிக் கோளாறு. ஏறலைன்னா கால் கோளாறு."

இதில் முழு அறிவியலும் இருக்கிறது. ஆட்டோவின் மூன்று சக்கரத்திலும் டிரம் பிரேக். பெடலை மிதித்தால் எண்ணெயின் அழுத்தத்தில் ஷூ விரிந்து டிரம்மைப் பிடிக்கும். லைனிங் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலோ, குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, பம்ப் பண்ணப் பண்ணப் பெடல் மேலே வரும். அப்படியானால் ஷூவை டைட் வைக்க வேண்டும், அல்லது ஏர் எடுக்க வேண்டும். ஒன்றும் மாறவில்லையென்றால் அடுத்ததாகச் செருப்பைப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனைக்குப் பொறுமையில்லாதவர்கள் தாமே களமிறங்குகிறார்கள். பெடலுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவே புஷ் ராடு என்றொரு கம்பி. அதன் லாக் நட்டைத் தளர்த்தி ராடை நீட்டினால் பிரேக் மேலேயே பிடிக்கும். பாதத்துக்குப் பரம சுகம். ஆனால் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாக வேண்டும். பிஸ்டன் முழுதாகப் பின்வாங்கினால்தான் ஒரு சிறு துளை திறந்து எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பும். இடைவெளி போனால் துளை அடைபடும். காலை எடுத்த பிறகும் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும், சூட்டில் எண்ணெய் விரிந்து இன்னும் இறுக்கும்.

6. மலையில் நடப்பது

ஆளோடு சேர்த்து 600 கிலோ எடையுள்ள வண்டி 1,800 மீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அது வழியில் தொலைக்க வேண்டிய ஆற்றல் 10 மெகாஜூலுக்கும் மேல். 30 லிட்டர் பச்சைத் தண்ணீரை அண்டாவில் ஊற்றிக் கொதிக்க வைக்கப் போதும். அத்தனையையும் பிரேக்கே வாங்கினால் என்னாகும்? டாட் 3 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ்வரை கொதிக்காது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சாதி. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மலைப்பாதைக்கு இது நல்ல செய்தி அல்ல. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி. ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. பெடல் தரையைத் தொடும்.

ஆக, பெடல் தாழ்ந்துவிட்டது என்று அதை உயர்த்தியவருக்குத்தான் பெடல் ஒரேயடியாகத் தாழ்கிறது. இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு இதுவே. "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்ல இறங்கு" என்ற மலை ஓட்டுநர் வாக்கு இதற்கு மாற்று மருந்து. இறக்கத்தில் இன்ஜின் வண்டியைப் பிடித்துக்கொண்டால், பாதத்துக்கு வேலை குறையும். வேலை குறைந்த பாதம் உயரம் பற்றிப் புகார் சொல்வதில்லை.

7. பரிந்துரைகளும் மேலாய்வும்

பெடல் உறுத்தினால் முதலில் செருப்பைத் திருப்பிப் பார்க்கவும். பிறகு பம்ப் பண்ணிப் பார்க்கவும். குட்டையானவர்கள் பலகை போடவும். அது பெடலுக்கு அடியில் நழுவாதபடி பார்த்துக்கொள்ளவும். புஷ் ராடு நட்டைத் தொடுவது பட்டறைக்காரர் ஒருவருக்கே உரிய உரிமை. அவரும் தொட்டபின் விரலால் பெடலை ஆட்டி, அந்தச் சிறு ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தே வண்டியைத் தர வேண்டும்.

பின்சீட்டுப் பயணிகளின் பிரேக் பற்றித் தனி ஆய்வு தேவை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர்கள் மூவரும் ஒரே நேரத்தில் வலக்காலால் தரையை ஓங்கி மிதிப்பது கண்கூடு. அங்கே பெடலும் இல்லை, ராடும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஆனாலும் செருப்பு போட்டவர், போடாதவர், குட்டை, நெட்டை என்று ஒருவர்கூட அதன் உயரத்தைக் குறை சொன்னதில்லை.