கார்பன் தேஞ்சிருக்கு அண்ணாச்சி

எங்கள் ஆத்தூரில் ஆடி மாதம் மேல்காற்று எழும்பினால் வாசல் பெருக்கி முடிப்பதற்குள் தார்சாலில் மறுபடியும் மணல் கிடக்கும். அம்மாவும் வாரியலும் அதோடு மல்லுக்கட்டிய வீட்டுக்குள்தான் ஒருநாள் டை கட்டிய இளைஞர் ஒருவர் வந்தார். டாடா குழுமத்து ஃபோர்ப்ஸும் சுவீடன் நாட்டு எலக்ட்ரோலக்ஸும் சேர்ந்து 1982-ல் யுரேகா ஃபோர்ப்ஸைத் தொடங்கி, வாக்குவம் கிளீனரை வீடு வீடாக விற்றுப் பழக்கியிருந்த காலம். வந்தவர் எங்கள் மெத்தையில் உறிஞ்சிய தூசியை வெள்ளைத்துணியில் கொட்டி எங்களுக்கே காட்டினார். அம்மாவுக்கு அது மானப் பிரச்சினை. தவணையில் வாங்கிவிட்டோம்.

அதன் சத்தத்துக்குத் தெருநாய் எழுந்து ஓடும். துணிப்பை நிறைய நிறைய இழுவை குறையும். பையை உதறினால் பாதித் தூசி மறுபடி வீட்டுக்குள். ஆனால் நின்றுபோனால் கவலை கிடையாது. கடைத்தெரு மெக்கானிக் நாலு ஸ்குருவைக் கழற்றி எட்டிப் பார்த்துவிட்டு, "கார்பன் தேஞ்சிருக்கு அண்ணாச்சி" என்பார். சுழலும் செம்பின் மேல் உரசி மின்சாரம் கொடுக்கிற இரண்டு கரித்துண்டு. அதே அளவு கிடைக்காவிட்டால் மிக்ஸி கார்பனை அரத்தில் ராவி மாட்டுவார். செம்பை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. கூலி கேட்கவே அவருக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்போது மகன் வாங்கித் தந்திருப்பது வயரில்லாத ரகம். சத்தமில்லை, ஒரு கையில் தூக்கலாம், தூசிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். மோட்டாரில் கார்பனே கிடையாது. கரித்துண்டு போல உரசித் தேய்வதற்கு எதுவும் இல்லை. அந்தச் சிரஞ்சீவி மோட்டாருக்குச் சோறு போடுவது, சில வருஷத்தில் கண்ணை மூடுகிற லித்தியம் பேட்டரி. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "அந்த மாடலுக்கு பேட்டரி வர்றதில்ல சார், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கோங்க." நம்மூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஸ்குரு தலை தட்டுப்படவில்லை. "தொறந்திரலாம் அண்ணாச்சி. மூடுறதுக்கு நான் பொறுப்பில்ல."

ஐரோப்பாவில் 2017 செப்டம்பரிலிருந்து, வாக்குவம் கிளீனர் மோட்டார் 500 மணி நேரமாவது உழைக்க வேண்டும், குழாய் 40,000 முறை வளைத்தாலும் தாங்க வேண்டும் என்று விதி. வாரம் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஒன்பது வருஷத்துக்கு மேல். நல்ல விதிதான்; பேட்டரியில் ஓடுகிறவற்றுக்கு அதில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2022 டிசம்பரில் ஓர் இணையதளம் திறந்தார்கள். என் கிளீனர் இன்னும் திறக்கவில்லை.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையில் இழுவையைக் கேட்காதீர்கள், எல்லாமே இழுக்கும். பேட்டரியைக் கையால் கழற்ற முடியுமா, தனியாக என்ன விலை என்று மட்டும் கேளுங்கள். விற்பனையாளர் மேனேஜரைக் கூப்பிடப் போனால் நீங்கள் வெளியே வந்துவிடலாம்.