கிண்ணத்துக்குள் மங்கோலியா

கே: செங்கிஸ்கானின் வீரர்கள் கேடயத்தைக் கவிழ்த்து வறுத்ததுதான் மங்கோலியன் பார்பிக்யூவாமே?

ப: அது மெனு கார்டில் மட்டுமே நடந்த போர்! இந்தச் சமையல் பிறந்தது 1951-ல், தைவானின் தைபேயில். ஆரம்பித்தவர் வூ சாவ்நான். பெய்ஜிங்கிலிருந்து வந்தவர், தொழில்முறை நகைச்சுவைக் கலைஞர். ‘பெய்ஜிங் பார்பிக்யூ’ என்று வைக்கத்தான் ஆசை. கம்யூனிஸ்ட் தலைநகரின் பெயரை அன்றைய தைவானில் போர்டில் எழுத முடியுமா? மங்கோலியா என்றால் வம்பில்லை. ஆக, ஜோக்கும் அவருடையதே.

கே: அப்போ மங்கோலியாவில் இது கிடைக்காதா?

ப: ஏன் கிடைக்காது? 2005-ல் ஓர் அமெரிக்க நிறுவனம் உலான்பாட்டரிலேயே கடை திறந்தது. திருநெல்வேலிக்கே அல்வா!

கே: மங்கோலியன் பார்பிக்யூ கடையில் ஒரே ஒரு கிண்ணம் தருகிறார்கள். எப்படி நிரப்புவது?

ப: கூச்சப்படாமல். உறைந்த இறைச்சிச் சீவல்களை அடியில் போட்டு இடுக்கியால் அழுத்துங்கள். அதன்மேல் முட்டைக்கோஸ், முளைப்பயறு. உச்சியில் நூடுல்ஸ். சமையல்காரரின் சூடான கல்லில் விழுந்ததும் எல்லாம் பாதியாகச் சுருங்கிவிடும். எடை போட்டுக் காசு வாங்கும் கடையா? மேலே சொன்னதை மறந்துவிடுங்கள்.

கே: காய், கறி, சாஸ் எல்லாம் நானே எடுக்கிறேன். சமையல்காரர் எதற்கு?

ப: ருசி சரியில்லை என்றால் அவரைத் திட்ட முடியாது என்று உங்களுக்குப் புரியவைக்க! ஒரு விஷயம்: எல்லோருடைய கிண்ணமும் ஒரே கல்லில்தான் புரள்கிறது. சைவர்களும், இறால், வேர்க்கடலை ஒவ்வாதவர்களும் தனி வாணலியில் செய்து தரச்சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.